மின்னசோட்டா தணிக்கையாளர் வழக்கு: சட்டம் விட்டுவைத்த அதிகாரமும் அதை நடத்தும் ஆள்பலமும்

2015 மே மாதம், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சட்டமன்றம் நிர்வாகச் செலவுகளுக்கான பெரிய மசோதா ஒன்றை நிறைவேற்றியது. பல துறைகளின் ஒதுக்கீடுகளுக்கு நடுவே அதில் சில பத்திகள் இருந்தன. ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) தன் ஆண்டுக் கணக்கை மாநிலத் தணிக்கையாளரைக் கொண்டே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இனி இல்லை. தனியார் சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) நிறுவனம் ஒன்றைத் தானே அமர்த்திக்கொள்ளலாம். ஆளுநர் மார்க் டேட்டனுக்கு இந்தப் பத்திகள் பிடிக்கவில்லை. ஆனாலும் மசோதாவில் கையெழுத்திட்டார். ஜூன் மாதச் சிறப்புக் கூட்டத்தில் அவற்றை நீக்கவைக்க முயன்றார்; நடக்கவில்லை. 2016 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அப்போது மாநிலத் தணிக்கையாளராக இருந்தவர் ரெபேக்கா ஓட்டோ. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி அது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில், அவர் கவுண்டிகளுக்கு எதிராக நீதிமன்றம் போனார். வழக்கு மூன்று படிகள் ஏறி 2018 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஓட்டோ தோற்றார்.

தீர்ப்பு சட்டப்படி பிழையானது என்று சொல்ல இடமில்லை. ஆனால் அதிகாரம் என்ற சொல்லைச் சட்டப் புத்தகம் ஒரு விதமாகவும் தணிக்கைக் குழு வேறு விதமாகவும் புரிந்துகொள்கின்றன. அந்த இடைவெளியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்கு வேறு எளிதில் கிடைக்காது.

பெயர் ஒன்று, வேலை வேறு

மின்னசோட்டாவின் 'மாநிலத் தணிக்கையாளர்' மாநில அரசைத் தணிக்கை செய்வதில்லை. முதலில் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மற்ற எதுவும் விளங்காது.

1973 வரை அங்கே 'பப்ளிக் எக்ஸாமினர்' என்றொரு அலுவலகம் இருந்தது. அந்த ஆண்டுச் சீரமைப்பில் அது கலைக்கப்பட்டு, வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மாநிலத் துறைகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு சட்டமன்றத்தின் கீழ் புதிதாக அமைந்த சட்டமன்றத் தணிக்கையாளருக்குப் போனது. கவுண்டி, நகரம், டவுன்ஷிப், பள்ளி மாவட்டம் போன்ற உள்ளாட்சிகளைப் பார்க்கும் பொறுப்பு மாநிலத் தணிக்கையாளருக்கு வந்தது. அதுவரை மாநிலத் தணிக்கையாளர் செய்துவந்த கணக்கு வைப்பு, பணம் கொடுக்குமுன் பில்லைச் சரிபார்ப்பது போன்றவை நிதித்துறைக்கு மாறின. இந்தியாவில் மத்திய, மாநிலக் கணக்குகள் இரண்டும் சிஏஜி என்ற ஒரே அமைப்பின் கீழ் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பிரிவினை குழப்பமாக இருக்கலாம். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநிலத்தில் 'ஆடிட்டர்' செய்யும் வேலை பக்கத்து மாநிலத்தில் இருக்காது.

ஆக, மின்னசோட்டா தணிக்கையாளரின் அன்றாட வேலையில் பெரும்பங்கு கவுண்டித் தணிக்கைதான். மாநிலத்தில் 87 கவுண்டிகள் உண்டு. 2015 சட்டத்துக்கு முன்பும் எல்லாவற்றையும் அவரே செய்யவில்லை. அவர் அனுமதித்த கவுண்டிகள் தனியார் நிறுவனத்தை வைத்துக்கொண்டன. யாரை விடுவது, யாரைத் தன்னிடமே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அவர் கையில் இருந்தது. 2015 சட்டம் அந்த உரிமையைக் கவுண்டியிடம் கொடுத்தது.

இதைத் தவிர அலுவலகத்துக்கு வேறு பிரிவுகளும் உண்டு. உள்ளாட்சிகளின் வரவுசெலவுத் தகவலைத் திரட்டி வெளியிடுவது ஒன்று. தன்னார்வத் தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதியச் சங்கங்களைக் கண்காணிப்பது இன்னொன்று. வரி உயர்வைக் கொண்டு வளர்ச்சித் திட்டங்களுக்குப் பணம் திரட்டும் 'டாக்ஸ் இன்கிரிமென்ட்' மாவட்டங்களைச் சரிபார்ப்பது மூன்றாவது. சட்டப் பிரிவும் சிறப்பு விசாரணைப் பிரிவும் தனி. இவற்றுக்குப் பணம் வரும் வழிகள் வெவ்வேறு. டாக்ஸ் இன்கிரிமென்ட் கண்காணிப்புக்கு, அந்த வருவாயிலிருந்தே 0.36 சதவீதம் பிடித்துத் தரப்படுகிறது. கவுண்டித் தணிக்கைக்கோ தணிக்கை செய்யப்படும் கவுண்டியே கட்டணம் கட்டுகிறது. இந்தக் கட்டண வரவுதான் வழக்கின் மையம். நீதிமன்றத்தில் பேசப்பட்டது அதிகாரப் பிரிவினை. அலுவலகத்துக்குள் இருந்த கவலை சம்பளப் பட்டியல்.

நீதிமன்றம் என்ன பார்த்தது

ஓட்டோ தரப்பின் வலுவான ஆயுதம் 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. 1985-இல் சட்டமன்றம் மாநிலப் பொருளாளரின் வேலைகளில் பெரும்பகுதியை எடுத்து நிதித்துறை ஆணையரிடம் கொடுத்தது. பொருளாளர் மேட்சன் வழக்குப் போட்டார். அரசியல் சாசனம் உருவாக்கிய பதவியை வெறும் கூடாக்கிவிடச் சட்டமன்றத்துக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. பிறகு அந்தப் பதவியையே ஒழிக்க 1998-இல் மக்களிடம் வாக்கெடுத்து அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியிருந்தது. தணிக்கையாளர் பதவியும் அதே சாசனத்தில் இருப்பது. அதனால் அதன் அடிப்படை வேலையைக் குறுக்குவழியில் பறிக்க முடியாது என்பது ஓட்டோவின் வாதம். பல விஷயங்களைத் திணித்த மசோதாவில் இதைச் சேர்த்ததே தவறு, ஒரு சட்டத்துக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது வாதம்.

எதிர்த்தரப்பின் பதில்: அதே சாசனம், இந்த அதிகாரிகளின் கடமைகள் சட்டத்தால் வரையறுக்கப்படும் என்றும் சொல்கிறது. 2015 சட்டமோ தணிக்கையாளரிடமிருந்து மேற்பார்வையை எடுக்கவில்லை. தனியார் நிறுவனத்தின் அறிக்கை அவரிடம் வந்தாக வேண்டும். அது எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லலாம். கூடுதல் தகவல் கேட்கலாம். அறிக்கை தொழில்முறைத் தரத்துக்கு வரவில்லை என்று கண்டால் ஏற்க மறுக்கலாம். பொதுநலன் கருதித் தானே கூடுதல் பரிசோதனை நடத்தலாம். அதன் செலவைக் கவுண்டி கட்ட வேண்டும்.

நீதிமன்றம் இந்தப் பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டது. பொருளாளர் வழக்கில் வேலையே போனது. இங்கே மேற்பார்வை மிஞ்சியிருக்கிறது, ஆகவே சாசன மீறல் இல்லை. ஒரு பொருள் விதி பற்றிய வாதமும் எடுபடவில்லை.

பட்டியலை வரிவரியாகப் படித்தால் நீதிமன்றம் சொல்வது சரி. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஓர் ஆள் தேவை. அறிக்கையைப் படித்து அதில் எது விடுபட்டது என்று சொல்ல, அதே மாதிரியான தணிக்கையைப் பல ஆண்டுகள் களத்தில் செய்த ஒருவர் வேண்டும். களத்தில் பழகுவதற்குத் தணிக்கைகள் வேண்டும். அந்தத் தணிக்கைகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன.

மே 15-ஆம் தேதி எங்கே இருக்கிறது?

களத்தில் பழகிய கண் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம்.

மின்னசோட்டா சட்டப்படி, ஓர் உள்ளாட்சி வங்கியில் போட்டிருக்கும் பணம் காப்பீட்டு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையின் 110 சதவீதத்துக்கு வங்கி ஈடு காட்ட வேண்டும். வங்கியில் 12,50,000 டாலர் இருக்கிறது, அதில் 2,50,000 காப்பீட்டுக்குள் அடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 10,00,000. ஈடாக அரசுப் பத்திரம் முதலியன 11,00,000 டாலருக்கு இருக்க வேண்டும்.

கவுண்டியின் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. புதிதாக வரும் தணிக்கையாளர் இயல்பாக டிசம்பர் 31 இருப்பை எடுப்பார், வங்கியின் ஈட்டுப் பட்டியலை வாங்குவார், கணக்குப் போடுவார். சரியாக இருக்கும். வொர்க்கிங் பேப்பரில், அதாவது தணிக்கைக் குறிப்பேட்டில், டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஆனால் சொத்துவரியின் முதல் தவணைக்குக் கடைசி நாள் மே 15, இரண்டாவது தவணைக்கு அக்டோபர் 15. அந்த நாட்களை ஒட்டிக் கவுண்டிக் கணக்கில் பணம் வெள்ளமாய் வந்து சேரும். அதில் நகரங்களுக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் சேர வேண்டியதும் அடக்கம். பிரித்துக் கொடுக்கும்வரை எல்லாம் கவுண்டி வங்கிக் கணக்கில்தான் கிடக்கும். ஈட்டை உயர்த்தச் சொல்லி வங்கிக்கு முன்கூட்டியே எழுதாவிட்டால் அந்தச் சில நாட்கள் பணம் பாதுகாப்பில்லாமல் நிற்கும். ஆண்டிறுதிக்குள் எல்லாம் சமனாகிவிடும், தடயம் இருக்காது. பழகிய தணிக்கையாளர் டிசம்பரை விட்டுவிட்டு முதலில் மே மாத வங்கி ஸ்டேட்மென்ட்டைத்தான் கேட்பார்.

தனியார் நிறுவனங்கள் இதைச் செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. சட்ட இணக்கத் தணிக்கைக்கு மாநிலத் தணிக்கையாளர் அலுவலகம் ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. வைப்பும் முதலீடும், ஒப்பந்தமும் டெண்டரும், சுயநல மோதல், பொதுக் கடன், பில் பட்டுவாடா என்று தலைப்பு வாரியாகக் கேள்விகள் உண்டு. யார் தணிக்கை செய்தாலும் அதைப் பின்பற்ற வேண்டும். பில் வந்த 35 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் மாதம் 1.5 சதவீத வட்டி என்பது போன்றவை அதிலிருந்துதான் சோதிக்கப்படுகின்றன. பல கவுண்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் நல்ல சிபிஏ நிறுவனம் அரசுத் தணிக்கையாளருக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

வித்தியாசம் வழிகாட்டியை எழுதுகிறவரிடம் வருகிறது. ஒரு கேள்வி அதில் ஏன் இருக்கிறது என்றால், எங்கோ ஒரு கவுண்டியில் யாரோ அந்தப் பிழையைக் கண்ணால் பார்த்ததால். ஒரே அலுவலகம் ஐம்பது கவுண்டிகளுக்குள் போய்வந்தால், அடுத்த ஆண்டு வழிகாட்டிக்கு ஐம்பது இடத்து அனுபவம் கிடைக்கும். பத்துக்குள் மட்டும் போனால் பத்து இடத்து அனுபவம்தான்.

எத்தனை ஆள், எத்தனை மணி

ஒரு கவுண்டித் தணிக்கையின் நடை இப்படி. இலையுதிர் காலத்தில் திட்டமிடல்: சென்ற ஆண்டு ஆட்சேபணைகள், இந்த ஆண்டு வந்த புதிய மானியங்கள், உள்கட்டுப்பாட்டில் ஏற்பட்ட மாற்றங்கள். குளிர்காலத்தில் இடைக்காலச் சோதனை: சம்பளம், வரி வசூல், பில்கள். ஆண்டுக் கணக்கைக் கவுண்டி மூடிய பிறகு வசந்தம் முதல் கோடைவரை முக்கியக் களப்பணி. பிறகு மேலாளரின் மறுபார்வை, தரச் சோதனை, வரைவு, கவுண்டியின் பதில், அறிக்கை.

கூட்டாட்சி அரசின் மானியத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவழித்தால், அந்த மானியச் செலவைச் சோதிக்கும் 'சிங்கிள் ஆடிட்'டும் சேரும். அந்த வரம்பு நீண்ட காலம் 7,50,000 டாலராக இருந்தது; 2024 அக்டோபர் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு 10,00,000. அறிக்கை ஆண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் போக வேண்டும், அதாவது செப்டம்பர் 30. மின்னசோட்டாவில் உணவு உதவி, மருத்துவ உதவி போன்ற கூட்டாட்சித் திட்டங்களின் தகுதிச் சரிபார்ப்பைக் கவுண்டி ஊழியர்களே செய்கிறார்கள். அதனால் இங்கே சிங்கிள் ஆடிட் கனமானது. ஒரு திட்டத்துக்கு 25, 40 அல்லது 60 கோப்புகளை மாதிரியாக எடுத்து, விண்ணப்பதாரரின் வருமானச் சான்று கோப்பில் உண்டா, அதே தொகைதான் கணினியில் ஏறியிருக்கிறதா, உரிய காலத்தில் புதுப்பித்தார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலை. பிழை கிடைப்பதும் பெரும்பாலும் இங்கேதான்: சான்று காகிதத்தில் இருக்கும், கணினியில் பழைய தொகை நிற்கும்.

எல்லாக் கவுண்டிக்கும் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிவதால், எல்லாத் தணிக்கையும் ஒரே ஆறேழு மாதத்துக்குள் வந்து விழும். ஆள்பலத்தை ஆண்டுச் சராசரியில் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 52 வாரம், வாரம் 40 மணி, மொத்தம் 2,080 மணி. விடுமுறை, விடுப்பு, அலுவலக வேலை போக, கவுண்டிக் கணக்கில் எழுதக்கூடிய மணி 1,500 என்று வைத்துக்கொள்ளலாம். அரசுத் தணிக்கைத் தரத்தின்படி இரண்டு ஆண்டில் 80 மணி பயிற்சி வேண்டும், அதில் 24 மணி அரசுத்துறை சார்ந்ததாக இருக்க வேண்டும். அதுவும் அந்தக் கழிவில் அடங்கும். சராசரித் தணிக்கைக்கு 1,000 மணி பிடிக்கும் என்று ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டால், 60 கவுண்டிக்கு 60,000 மணி, 40 பேர்.

இப்போது 20 கவுண்டிகள் விலகுகின்றன. களப்பணிக்கு 27 பேர் போதும். ஆனால் தரச் சோதனை செய்பவர், பயிற்சி நடத்துபவர், மென்பொருள் உரிமம், மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியார் வந்து செய்யும் சகமதிப்பாய்வு ஆகியவை அப்படியே நிற்கும். அந்தச் செலவு குறைந்த மணிகளின் மேல் ஏறும். மணிக்கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் இன்னும் சில கவுண்டிகள் தனியாரிடம் விலை கேட்கும். பெரும்பாலும் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் கவுண்டிகளுக்குத்தான் நல்ல விலை கிடைக்கும். தொலைவில் இருப்பவையும் சிக்கலான கணக்கு உள்ளவையும் அரசிடமே தங்கும்; அவற்றுக்கு மணி அதிகம் பிடிக்கும். கட்டணம் மறுபடி ஏறும். இந்தச் சுழற்சியை எந்தச் சட்டப் பிரிவும் குறிப்பிடுவதில்லை, ஆனால் கட்டணத்தில் வாழும் எந்தத் தணிக்கை அலுவலகத்துக்கும் இதுவே முதல் ஆபத்து.

அதே நேரம், கவுண்டிகளின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தான் விலை பேச முடியாத ஒருவருக்குக் கட்டாயமாகக் கட்டணம் கட்டுவது எந்தக் கவுண்டி வாரியத்துக்கும் கசக்கும். நகரங்கள் பல காலமாகத் தனியாரைக் கொண்டே தணிக்கை செய்துவருகின்றன. கவுண்டிக்கு மட்டும் ஏன் வேறு விதி என்ற கேள்விக்கு, மாநிலத்தின் பெயரில் பெரும் நலத்திட்டங்களைக் கவுண்டிகள் நடத்துவதுதான் காரணம் என்பதைத் தவிர வேறு நல்ல பதில் இல்லை. என் கணிப்பில் அந்த ஒரு பதிலே போதுமானது. ஆனால் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதை மணிவாரியாகத் திறந்து காட்டியிருந்தால் கவுண்டிகளின் கசப்பு இவ்வளவு முற்றியிருக்காது.

மிஞ்சிய அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது

கூடுதல் பரிசோதனை என்ற அதிகாரம் நடைமுறையில் எப்போது எழும்? மூன்று வழிகள். அறிக்கையைப் படிக்கும்போது சந்தேகம் வரலாம். சிபிஏ நிறுவனமே முறைகேட்டைக் கண்டால் மாநிலத் தணிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளாட்சி ஊழியர் எவரும் திருட்டு, கையாடல், சட்டவிரோதச் செலவு ஆகியவற்றுக்கான ஆதாரத்தைக் கண்டால் உடனே விவரமாக எழுத்தில் தணிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். சின்ன அலுவலகங்களில் பணம் வாங்குவது, ரசீது எழுதுவது, வங்கியில் கட்டுவது, கணக்கைச் சரிகட்டுவது எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கும். அங்கே மூன்றாவது வழிதான் பெரும்பாலும் உண்மையை வெளியே கொண்டுவரும்.

சாட்சிக்கு சம்மன் அனுப்பத் தணிக்கையாளரால் முடியும். ஆனால் வழக்குத் தொடர முடியாது. கண்டதைக் கவுண்டி வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். அந்த வழக்கறிஞரின் அலுவலகமும் அதே கவுண்டியின் பட்ஜெட்டில்தான் நடக்கிறது.

அதோடு, தனியாருக்கு ஒருமுறை கட்டணம் கட்டிய கவுண்டி, கூடுதல் பரிசோதனைக்கு மாநிலத்துக்கும் கட்ட வேண்டும். இரண்டாவது பில் போகும்போது கவுண்டி வாரியம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை யோசித்துப் பாருங்கள். விலகிப் போனதற்குப் பழிவாங்குகிறார்கள் என்ற பேச்சு முதல் நாளே வரும். அதனால் தேர்தலில் நிற்கும் தணிக்கையாளர் மிகத் தெளிவான ஆதாரம் கையில் இல்லாமல் இந்த அதிகாரத்தைத் தொடத் தயங்குவார். தெளிவான ஆதாரம் கிடைப்பதோ உள்ளே போனால்தான்.

அதிகாரத்தைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. பக்கத்து மாநிலமான அயோவாவில் 2023-இல் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் கையெழுத்திட்ட சட்டம், தணிக்கையாளர் பார்க்கக்கூடிய தனிநபர் தகவல்களைக் கட்டுப்படுத்தியது. ஆவணம் தர அரசுத்துறை ஒன்று மறுத்தால் தணிக்கையாளர் நீதிமன்றம் போக முடியாது. மூன்று பேர் கொண்ட குழு முடிவு செய்யும். ஒருவர் தணிக்கையாளர் தரப்பு, ஒருவர் அந்தத் துறையின் தரப்பு, மூன்றாமவர் ஆளுநர் அலுவலகத்தின் தரப்பு. மின்னசோட்டாவில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே அனுப்ப ஆள் வேண்டும். அயோவாவில் ஆள் இருந்தாலும் கதவைத் திறக்க மூவரில் இருவர் சம்மதம் வேண்டும்.

திரும்பி வரும் கவுண்டி

விலகிய கவுண்டி என்றைக்கும் விலகியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். கணக்காளர் தொழிலுக்கு வருவோர் அமெரிக்கா முழுவதும் குறைந்திருக்கிறார்கள். சிபிஏ உரிமத்துக்குக் கல்லூரிப் படிப்பில் 150 'கிரெடிட்' மணி வேண்டும் என்ற விதியை, 2025 தொடக்கத்தில் ஓஹாயோவில் ஆரம்பித்துப் பல மாநிலங்கள் தளர்த்தியதே அதனால்தான். ஆள் குறைந்தால் தனியார் நிறுவனம் முதலில் கைவிடுவது, விதிகள் அதிகமும் லாபம் குறைவுமாக உள்ள அரசுத் தணிக்கையைத்தான்.

அப்போது கவுண்டி மாநில அலுவலகத்தின் கதவைத் தட்டும். தட்டிய உடனே எடுத்துக்கொள்ள முடியாது. முதல் ஆண்டுத் தணிக்கையில் தொடக்க இருப்புகளை நிறுவ வேண்டும்: முந்தைய நிறுவனத்தின் வொர்க்கிங் பேப்பரைப் பார்க்கக் கவுண்டியின் அனுமதியோடு கேட்க வேண்டும், சாலைகளும் பாலங்களும் அடங்கிய சொத்துப் பதிவேட்டை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும், உள்கட்டுப்பாட்டு விளக்கங்களைப் புதிதாக எழுத வேண்டும். தொடர்ந்து பார்த்துவந்த கவுண்டியைவிட மணி வெகுவாகக் கூடும், அந்த மணியும் மார்ச் முதல் செப்டம்பருக்குள்ளேயே வேண்டும். ஒரு குழுவைத் தனியாக நடத்தும் அளவுக்குப் புதியவர் ஒருவர் தேறி வர மூன்று பருவமாவது ஆகும். இந்த வசந்தத்தில் வந்து தட்டும் கவுண்டிக்குத் தேவையான ஆளை மூன்று ஆண்டுக்கு முன்பே, எந்தக் கட்டணமும் கண்ணில் தெரியாத நேரத்தில், வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்.